ஆரஞ்சு விரல் கடற்பஞ்சு நுனியில் வெளுக்கிறது: காப்பாற்ற முடியுமா? வீட்டுத் தொட்டியில் எந்த வகை நிற்கும்?

நீலத்தொட்டி (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். கடற்பஞ்சு வளர்ப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

தொட்டி நான்கடி, 270 லிட்டர். கீழே 70 லிட்டர் சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி). ஓட ஆரம்பித்து 14 மாதம். ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) 24 மணி நேரமும் ஓடுகிறது. 100 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸ் (தூசி பிடிக்கும் துணிப்பை), கிருமி கொல்லும் யூ.வி. விளக்கு, சம்ப்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு பை ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்) எல்லாம் உண்டு. தண்ணீர் முழுக்க ஆர்.ஓ. டி.ஐ. (கரைந்த தாதுக்களை நீக்கிய சுத்த நீர்). உப்பு 1.025, வெப்பம் 27 டிகிரி, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.03, ஆல்க் (காரத்தன்மை) 8.2. உள்ளே சூவாந்திட் (பூப்போல விரியும், பவளத்துக்கு உறவான உயிர்), தோல் பவளம், மீன்களில் ஒரு ஜோடி க்ளவுன், ஒரு மஞ்சள் டாங், ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சல்.

12 நாளுக்கு முன் ஆரஞ்சு நிறத்தில் விரல் விரலாகக் கிளைத்த கடற்பஞ்சு ஒன்று வாங்கினேன். 15 செ.மீ. உயரம், ஐந்து கிளை. கடையில் வலையால் அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பாறை உச்சியில், நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். ஆறாம் நாள் இரண்டு கிளைகளின் நுனி வெளுத்தது. இப்போது அந்த நுனிகள் சாம்பல் வெள்ளையாகி, மேலே சிலந்தி வலை மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. தினமும் "ஃபில்டர் ஃபீடர்" உணவு 5 மி.லி. ஊற்றுகிறேன். இன்று அம்மோனியா 0.25 காட்டுகிறது.

மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா? தவறு எங்கே? முடியாதென்றால், வண்ணமாகவும் வீட்டில் நிலைத்து நிற்கக்கூடியதாகவும் எந்த வகை இருக்கிறது?

---

சுண்ணப்பாறை (கோவை)

சார், முதலில் அம்மோனியாவைக் கவனியுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இன்றே வெட்டுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கையுறை கட்டாயம். பல கடற்பஞ்சுகளின் உடம்புக்குள் கண்ணாடித் தூள் போன்ற நுண்முட்கள் இருக்கும். சில வகை தோலில் நாள்கணக்கில் எரிச்சலைக் கிளப்பும். இரண்டு வாளிகளில் தொட்டித் தண்ணீர் பத்துப் பத்து லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே கிண்ணத்தில் ஏற்றி, கிண்ணத்தோடு தூக்கி முதல் வாளிக்குள் இறக்குங்கள். பஞ்சின் ஒரு நுனிகூடக் காற்றைப் பார்க்கக் கூடாது.

வாளித் தண்ணீருக்குள் வைத்தே, புது பிளேடால், வெளுத்த இடம் முடியும் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே நல்ல ஆரஞ்சுப் பகுதியில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். உயிருள்ள பஞ்சு உள்ளேயும் வெளியே இருக்கும் அதே நிறத்தில், ஊசி குத்தினாற்போலத் துளைகளோடு, அழுத்தினால் எதிர்த்து நிற்கும். நடுவில் சாம்பலாகவோ பழுப்பாகவோ கொழகொழவென்று இருந்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறங்கி வெட்டுங்கள். வெட்டியெடுத்ததை முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை என்றால் பரவாயில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் அழுகல் உள்ளே போய்விட்டது. அடித்தண்டிலேயே அந்த நாற்றம் வந்தால் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 270 லிட்டர் தொட்டியை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

நல்ல கிளைகளை இரண்டாவது வாளியில் ஒருமுறை அலசி, மறுபடி கிண்ணத்தோடு தொட்டிக்குள் கொண்டுபோங்கள். முதல் வாளித் தண்ணீர் திரும்பத் தொட்டிக்குப் போகக் கூடாது. இன்று 25 சதவீதம் தண்ணீர் மாற்றம், நாளை மறுநாள் இன்னொரு 25. கார்பன் பையில் இருப்பது பழையது என்றால் புதிதாக 100 கிராம் போடுங்கள். அழுகும் பஞ்சிலிருந்து அம்மோனியா மட்டும் வருவதில்லை. பல வகைகள் பகையைத் தடுக்க உடம்பில் வைத்திருக்கும் ரசாயனங்களும் சேர்ந்து வெளியே வரும். சூவாந்திட் மூடிக்கிடந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

சின்னத் துண்டு மிஞ்சினாலும் நம்பிக்கை வைக்கலாம். 1907-இல் எச்.வி. வில்சன் என்ற உயிரியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய துணி வழியாகப் பிழிந்து செல் செல்லாகப் பிரித்தார். அந்தச் செல்கள் தாமாக ஒன்றுகூடி மறுபடி பஞ்சாயின. வெட்டுக்காயம் ஆறுவது இந்த உயிரினத்துக்குப் பெரிய வேலையே இல்லை. இதைக் கொல்வது காற்றும் பட்டினியும்தான்.

உங்களுடையதில் தொடக்கம் காற்று. வலையால் அள்ளினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடற்பஞ்சின் உடம்பு முழுக்கத் தலைமுடியை விட மெல்லிய கால்வாய்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் தண்ணீர் வடிந்து அந்த இடத்தில் காற்று புகும். திரும்ப அமிழ்த்தினாலும் காற்று வெளியேறாது. கால்வாய்க்குள் நீரைத் தள்ளுவது சாட்டை போன்ற இழை கொண்ட நுண்செல்கள்; ஒரு காற்றுக் குமிழைத் தள்ளும் வலு அவற்றுக்குக் கிடையாது. அடைபட்ட கால்வாயைச் சுற்றியுள்ள சதை மூச்சுமுட்டிச் சாகும். காற்று மேலே ஏறும் என்பதால் சாவு நுனியில் தொடங்கும். ஐந்தாறு நாளில் நுனி வெளுத்தது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் காற்றுதான். நீங்கள் பார்க்கும் சிலந்தி வலை என்பது சதை போனபிறகு மிஞ்சிய நார்க்கூடும், அதன்மேல் வளர்ந்த பாக்டீரியாவும்.

பட்டினியின் முகம் வேறு. அது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். பஞ்சு மொத்தமாகச் சுருங்கும், நிறம் மங்கும், கிளை மெலியும். விளக்குக்கு நேர் கீழே வைப்பதில் மூன்றாவது கேடு: மேல்தோலில் பாசி படியும், துளைகள் அடைபடும். ஆரஞ்சு, சிவப்பு விரல் பஞ்சுகளுக்கு வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லை. பாறைத் தொங்கலுக்கு அடியில், நிழலில், நீரோட்டம் தொடர்ந்து தழுவும் இடத்தில் வையுங்கள். வேவ் மேக்கர் (அலை எழுப்பும் பம்ப்) நேராக அறையக் கூடாது.

அடுத்தமுறை வாங்கும்போது: கடைக்காரர் பையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே பஞ்சைப் பையில் ஏற்ற வேண்டும். மாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு வாளிக்குள் வைத்துத் திறந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விடுங்கள். மீன் மட்டும் வைத்திருக்கும் கடைகளில் உப்பு 1.018, 1.020 என்று குறைவாகத்தான் இருக்கும். வித்தியாசம் அவ்வளவு என்றால் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிண்ண முறையில் சுத்தமான தொட்டித் தண்ணீர் வாளிக்கு, அங்கிருந்து தொட்டிக்கு. இந்த நடு வாளியை விட்டுவிட்டால் கடைத் தண்ணீர் உங்கள் தொட்டிக்குள் போகும். அந்தக் கடையில் செம்பு மருந்து போட்டிருந்தால் வேறு வினையே வேண்டாம்.

---

பாசிமணி (சிங்கப்பூர்)

வணக்கம் சகோ. வெட்டுவது பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வெட்டிக் காப்பாற்றிய துண்டு ஆறு மாதம் கழித்தும் இருக்க வேண்டுமே. உங்கள் தொட்டி விவரத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது. ஸ்கிம்மர், சாக்ஸ், யூ.வி., கார்பன், ஜி.எஃப்.ஓ. என்று ஐந்து கருவிகள். கடற்பஞ்சு எதைச் சாப்பிடுமோ அதையும் அதன் கூட்டுக்கு வேண்டிய சிலிகாவையும் அந்த ஐந்தும் சேர்ந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. பளிங்கு மாதிரித் தெளிந்த தொட்டி பஞ்சுக்குப் பாலைவனம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக இயங்கும் கடற்பஞ்சு ஒரு நாளில் தன் உடம்பைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். சில வகையில் பத்தாயிரம் மடங்கு வரைகூடப் போகும். ஒரு கைப்பிடி அளவு, 100 மி.லி. பருமனுள்ள பஞ்சு என்றால் அந்த வேகத்தில் நாளைக்கு 1,000 லிட்டர். உங்கள் 270 லிட்டர் தொட்டி ஒரே நாளில் மூன்று நான்கு முறை அதன் உடம்பு வழியாகப் போய்வருகிறது. முதல் சுற்றிலேயே பெரும்பங்கு பாக்டீரியாவைப் பிடித்துவிடும். இரண்டாம் சுற்றுக்கு என்ன இருக்கும்? கடலில் அலை புதுத் தண்ணீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. தொட்டியில் அந்த வேலை உங்கள் கையில்.

இரண்டாவது விஷயம் தீனியின் அளவு. கடற்பஞ்சின் பிரதானச் சாப்பாடு பாக்டீரியாவும் 5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்பாசியும். கடையில் "ஃபில்டர் ஃபீடர்" என்று விற்கும் பல குப்பிகளில் இருப்பது அரைத்த மீன், இறால், சுருள்பாசித் தூள். பெரும்பாலும் 50, 100 மைக்ரான் துகள்கள். பஞ்சின் வாசல் துளையே 50 மைக்ரானுக்குள்தான். அந்தத் துகள் மேல்தோலில் உட்கார்ந்து அழுகும். அந்த 5 மி.லி.யை இன்றோடு நிறுத்துங்கள்.

நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசியை வளருங்கள். 2 முதல் 4 மைக்ரான். பஞ்சுக்கென்றே அளவெடுத்த மாதிரி. ஐசோகிரைசிஸ் 4 முதல் 7, அதுவும் நல்லது. டெட்ராசெல்மிஸ் 10 மைக்ரானைத் தாண்டும். கோபிபாட் என்ற மிகச்சிறு மிதவை உயிர்களுக்கு அருமை, பஞ்சுக்கு அதிகம் பயனில்லை. சினெகோகாக்கஸ் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு மைக்ரான் அளவுதான்.

வளர்ப்பது சமையலறை வேலை மாதிரிதான். 2 லிட்டர் குளிர்பானப் பாட்டில் இரண்டு. புது உப்புநீர் 1.020 அளவில் ஒன்றரை லிட்டர். எஃப்/2 என்ற பாசி வளர்ப்பு உரம், அதன் லேபிளில் போட்டிருக்கும் அளவு மட்டும். கூட்டினால் வேகம் வராது, தொட்டியில் நைட்ரேட்தான் ஏறும். 300 மி.லி. விதைக் கரைசல் (ஏற்கெனவே வளர்ந்த பாசி நீர்). காற்றுக் குழாயை அடிவரை விடுங்கள், ஏர் ஸ்டோன் வேண்டாம், பெரிய குமிழாக விநாடிக்கு ஒன்றிரண்டு போதும். பக்கத்தில் ஒரு சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பு, நாளுக்கு 16 மணி நேரம். ஏழிலிருந்து பத்து நாளில் பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியாத அளவு கரும்பச்சை ஆகும். அப்போது பாதியை எடுத்து, எடுத்த அளவு புது உப்புநீரும் உரமும் நிரப்புங்கள். எடுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து நாளுக்கு ஒருமுறை குலுக்குங்கள். இரண்டு வாரம் தாங்கும். பாட்டில் மஞ்சளாக மாறினாலோ, அடியில் திட்டுத் திட்டாகப் படிந்து நாற்றம் வந்தாலோ கொட்டிவிட்டு, இரண்டாம் பாட்டிலிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு பாட்டில் சொன்னதே அதற்குத்தான்.

உங்கள் தொட்டிக்கு நாளுக்கு 20 மி.லி.யில் தொடங்கி, ஒரு மாதத்தில் 50 வரை போகலாம். ஒரேயடியாக ஊற்றுவதை விட டோசிங் பம்ப் (சிறிது சிறிதாக அளந்து விடும் பம்ப்) வைத்து மணிக்கு ஒன்று முதல் 2 மி.லி. விடுவது எவ்வளவோ மேல். பஞ்சு வேளைக்குச் சாப்பிடும் உயிரினம் இல்லை. நாள் முழுக்க மேயும். டோசிங் பாட்டிலைக் காலையும் மாலையும் குலுக்காவிட்டால் பாசி அடியில் படிந்து, வெறும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

இதோடு சேர்த்து: யூ.வி.யை அணையுங்கள், சாக்ஸைக் கழற்றுங்கள். ஸ்கிம்மரை டைமரில் போட்டு இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். இரவில் ஓடினால் ஆக்சிஜனுக்கும் நல்லது. ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிடுங்கள். கார்பன் இந்த அவசரத்துக்கு ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு அதையும் எடுங்கள். காரணம் இருக்கிறது. குராசோ தீவின் பவளப்பாறைப் பொந்துகளில் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பவளமும் பாசியும் தண்ணீரில் கசியவிடும் கரைந்த கரிமப் பொருளைக் கடற்பஞ்சுகள் உறிஞ்சி, பழைய செல்களைத் துகளாக உதிர்த்து, மற்ற உயிர்களுக்கு உணவாக்குகின்றன என்று அதில் காட்டினார்கள். அந்தக் கரைந்த பொருளைத்தான் உங்கள் கார்பன் பை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நைட்ரேட் 2 என்பது பஞ்சுத் தொட்டிக்குக் குறைவு. 5 முதல் 15, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை வந்தால் பயப்பட வேண்டாம். நைட்ரேட் 20-ஐத் தாண்டி ஏறினால் வினிகர் போடலாம். நிறமோ மணமோ சேர்க்காத வெள்ளை வினிகர் நாளுக்கு 2.5 மி.லி. என்று ஆரம்பித்து, வாரத்துக்கு 2.5 கூட்டி, 15-இல் நிறுத்துங்கள். அது பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டை இறக்கும், அந்த பாக்டீரியா பஞ்சுக்குச் சாப்பாடு. ஆனால் 2 நைட்ரேட்டில் இதைச் செய்தால் நைட்ரேட் பூஜ்யமாகி, மணலில் சிவப்பு சயனோபாக்டீரியா விரிப்பு போட்டுவிடும். இப்போது வேண்டவே வேண்டாம்.

சாப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, பம்புகளை நிறுத்திவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து கிளை ஒன்றின் நுனியோரத்தைப் பாருங்கள். மிளகு அளவு வட்டத் துளை ஒன்று தெரியும். ஆஸ்குலம் என்பது அதுதான். உயிரோட்டம் இருந்தால் அதன் விளிம்பில் வெங்காயச் சருகை விட மெல்லிய, ஒளி ஊடுருவும் தோல் ஒன்று சின்னப் புகைபோக்கி மாதிரி உயர்ந்து நிற்கும். அதற்கு நேர் மேலே தண்ணீரில் மிதக்கும் தூசிகளைக் கவனியுங்கள். மற்ற தூசிகள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்தத் துளைக்கு மேலே உள்ளவை மட்டும் உந்தித் தள்ளியது போல மேலே போகும். விரல் நகர்வது மாதிரித் தண்ணீரை லேசாக அசைத்தால் அந்தத் தோல் உள்ளே சுருங்கும்; திறக்கப் பல நிமிடம் ஆகும். வாரம் ஒருமுறை இதைப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து துளை மூடியே இருந்தால், நிறம் மாறுவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

---

முத்துக்குளி (தூத்துக்குடி)

அண்ணாச்சி, எந்த வகை என்று கேட்டதற்கு நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரல் விரலாகக் கிளைத்த சிவப்பு, ஆரஞ்சுப் பஞ்சுகள் கண்ணைப் பறிக்கும். வீட்டுத் தொட்டியில் நிலைப்பது குறைவு. முதல் பஞ்சாக அதை யாருக்கும் நான் சொல்வதில்லை. ஏற்கெனவே வாங்கியதை நன்றாகப் பாருங்கள். போனால் அதே வகையை மறுபடி வாங்காதீர்கள்.

தொடங்குகிறவருக்கு ஒளிச்சேர்க்கைத் துணை உள்ள வகைகள் எளிது. பவளத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு வரும் நீல ஹாலிகுளோனா இப்போது பலரிடம் இருக்கிறது. ஒரு நகத்தளவு துண்டைப் பாறைமேல் வைத்தால் நடுத்தர வெளிச்சத்தில் படர்ந்துவிடும். லாமெல்லோடிசிடியா என்ற தகட்டுப் பஞ்சின் உடம்புக்குள் சயனோபாக்டீரியா குடியிருந்து சாப்பாடு போடும். இதற்கு வெளிச்சம் கட்டாயம். பச்சையாகக் கிளைத்து வரும் ஹாலிகுளோனா சைமிஃபார்மிஸ் இன்னும் விசித்திரம். பாதி கடற்பஞ்சு, பாதி சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்த செரடோடிக்டியான். இரண்டும் பின்னிப்பிணைந்து ஒரே உடம்பாக இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு உருண்டைப் பஞ்சு சினாகிரெல்லா. இது வெளிச்சம் கேட்காது, தீனி கேட்கும். ஆனால் விரல் பஞ்சை விடத் தாக்குப்பிடிக்கும்.

ஒன்றை மட்டும் தெரிந்து தள்ளிவையுங்கள். பழுப்பாக, வழவழவென்று, ஈரல் துண்டு மாதிரி வரும் காண்ட்ரில்லா. சாகாது, ஆனால் சூவாந்திட், பவளம் எல்லாவற்றின் மேலும் ஏறிப் படுத்துக்கொள்ளும். கல்லோடு எடுத்துவிடுங்கள்; சுரண்டினால் உதிரும் ஒவ்வொரு துண்டும் புதுப் பஞ்சு. அதேபோல் சாம்பல் கறுப்பாக மெல்லிய பூச்சாகப் படரும் டெர்பியோஸ். நம் பாக் விரிகுடாவிலேயே உயிருள்ள பவளங்களை மூடிக் கொல்வதாகப் பதிவாகியிருக்கிறது. கல்லில் அப்படி ஏதாவது தெரிந்தால் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் வாங்குவதை விட வளரவிடுவதுதான் நல்லது. உங்கள் சம்ப்பில் பாறைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 14 மாதத் தொட்டியில் அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, தலையில் முடிக்கிரீடம் வைத்தது போல வெள்ளைக் குப்பிகள் ஒட்டியிருக்கும். சைகான், அதுவும் கடற்பஞ்சுதான். பக்கத்தில் மஞ்சள், ஆரஞ்சு, வெளிர்நீலப் பூச்சுகள் இருக்கலாம். இவை உங்கள் தண்ணீருக்குப் பழகியவை, காற்றைப் பார்க்காதவை. இவற்றுக்கு ஓர் இருட்டறை கட்டிக் கொடுங்கள். சம்ப்பில் 20 லிட்டர் அளவுக்கு ஒரு பகுதியை, தண்ணீர் ஸ்கிம்மருக்குப் போவதற்கு முன்னால் வரும்படி பிரியுங்கள். சுற்றிலும் மேலேயும் கறுப்பு அக்ரிலிக் தகடு. உள்ளே கல்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், பிளாஸ்டிக் கிராதியின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். அடியிலும் தண்ணீர் ஓட வேண்டும். மணிக்கு 400, 500 லிட்டர் ஓட்டம் போதும். மணல் வேண்டாம். பஞ்சு ஒட்டிய சின்னக் கல் ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி நடுவில் வையுங்கள். ஆறு மாதம் கை வைக்காதீர்கள். கற்களின் அடிப்பக்கம் நிறம் பிடித்தபின், அந்தக் கல்லையே கிண்ணத்தோடு எடுத்துத் தொட்டியில் தொங்கல் பாறைக்கு அடியில் பொருத்தலாம்.

அப்புறம், கடலிலிருந்து எடுக்க வேண்டாம். சென்னையிலிருந்து பலர் இங்கே கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை உள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பட்டியலில் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகளோடு சுண்ணாம்பு முள் கொண்ட கடற்பஞ்சுகளும் வந்தவை. கரை ஒதுங்கியதுதானே என்று எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழைக்காலக் காற்றில் ஒதுங்கும் பஞ்சு ஏற்கெனவே காற்றுக் குடித்துச் செத்தது. தொட்டியில் போட்டால் மூன்றே நாளில் அம்மோனியா. கடையில் வாங்கினால் எங்கிருந்து வந்தது என்று பில்லோடு கேளுங்கள். இன்னொரு வளர்ப்பாளர் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

---

நீலத்தொட்டி (சென்னை)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெட்டிவிட்டேன். மூன்று கிளைகளின் வெட்டுமுகம் முழுக்க ஆரஞ்சு, நாற்றம் இல்லை. இரண்டைத் தூக்கிப் போட்டாயிற்று. மிச்சம் மூன்று கேள்வி. கோரல் பியூட்டி பஞ்சைக் கொத்துமா? தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் நுண்குமிழ் ஓடுகிறது, அது கேடா? பஞ்சுக்கு சிலிகா போட வேண்டும் என்கிறார்கள், போடலாமா? வெட்டிய துண்டுகளைக் கல்லில் எப்படி ஒட்டுவது என்றும் சொல்லிவிடுங்கள்.

---

சுண்ணப்பாறை (கோவை)

கோரல் பியூட்டி சந்தேகக் கேஸ் சார். சில மீன் தொடாது, சில மீன் வெட்டிய புது முனையைக் குறிவைத்துக் கொத்தும். முதல் இரண்டு வாரம் துண்டுகளைக் கண்ணித் துவாரமுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துவிடுங்கள். பெரிய ஏஞ்சல்களும் மூரிஷ் ஐடலும் கடலிலேயே கடற்பஞ்சைத் தின்று வாழ்பவை. அவற்றோடு பஞ்சு வளர்க்க நினைக்க வேண்டாம். சாக்லேட் சிப் நட்சத்திர மீனும் அப்படியே. கல்லோடு வரும் டோரிட் வகை ஓடில்லா நத்தைகளையும் தேடிப் பிடியுங்கள். பல வகைகள் எந்தப் பஞ்சைத் தின்னுமோ அதே நிறத்தில் இருக்கும், லேசில் கண்ணில் படாது.

நுண்குமிழ் நிச்சயமாகக் கேடு. கடையில் நடந்தது உங்கள் தொட்டியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் சம்ப் அறையில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். சென்னை வெயிலில் கிளிப் ஃபேன் போட்டால் நாளுக்குச் சில லிட்டர் ஆவியாகிப் போகும். ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியான அளவு நீரைத் தானாக நிரப்பும் கருவி) இல்லாவிட்டால் மட்டம் குறைந்து பம்ப் காற்றை இழுக்கும், உப்பும் ஏறும். ஸ்கிம்மர் வெளியேற்றும் வாயில் தடிமனான ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று செருகி வாரம் இருமுறை அலசுங்கள். வேவ் மேக்கர் மேற்பரப்புக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் சுழல் விழுந்து காற்றை உறிஞ்சும். ஒரு சாண் கீழே இறக்குங்கள். மே மாதத்தில் வெப்பம் 29 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள்.

ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூ வேண்டாம். பஞ்சின் வழவழப்பில் பிடிக்காது, பிடித்த இடத்தில் சதை எரியும். ஒரு செ.மீ. துளையுள்ள கல்லில் துண்டின் அடியைச் செருகி, மெல்லிய நைலான் தூண்டில் நரம்பால் இரண்டு சுற்று. சதை வெட்டுப்படும் அளவு இறுக்க வேண்டாம், ஆடாமல் நின்றால் போதும். எல்லாம் தண்ணீருக்குள் வைத்தே. இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே கல்லைப் பற்றிக்கொள்ளும். நரம்பின் மேலேயே வளர்ந்து மூடியிருந்தால் நரம்பை இழுக்காதீர்கள், உள்ளேயே இருக்கட்டும்.

---

பாசிமணி (சிங்கப்பூர்)

சிலிகா பற்றி நான் சேர்க்கிறேன். வண்ணப் பஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் நுண்முள் சிலிகாவால் ஆனது; ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரில் அது ஏறக்குறைய இருக்காது. ஜி.எஃப்.ஓ.வும் மிச்சம் மீதியை எடுத்துவிடும். அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் சோடியம் சிலிகேட் போட்ட சில நாளிலேயே கண்ணாடியில் டயட்டம் என்ற பழுப்புப் பாசி வரலாம். பஞ்சு நன்றாக இருக்கிறதா என்று தெரியாத நிலையில் அதையும் போட்டால், எது எதனால் நடந்தது என்று பிரிக்கவே முடியாது. துண்டுகள் கல்லைப் பிடித்து, நுனியில் புதுச் சதை சற்று வெளிர் நிறத்தில் வளர்வது தெரியட்டும். மூன்று மாதம் கழித்து, சிலிகேட் சோதனைக் கிட் ஒன்று வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) ஏறும் அளவு மட்டும் விட்டுப் பாருங்கள். டிசிடியா மாதிரி சில வகைகளுக்கு நுண்முள்ளே கிடையாது, நாரும் மணலும்தான் எலும்பு. அவற்றுக்கு இது தேவையே இல்லை.

இன்னொன்று சகோ. ஸ்கிம்மர் நேரத்தைக் குறைத்ததும் தூசி அதிகம் படியும். வாரம் இருமுறை நீண்ட பிப்பெட்டில் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, ஒரு சாண் தள்ளி நின்று பஞ்சின்மேல் மெதுவாக ஊதுங்கள். பிப்பெட்டில் முதலில் இருக்கும் காற்றைத் தண்ணீருக்குள் வேறு பக்கம் வெளியேற்றிவிட்டு, அதன்பிறகு உறிஞ்சுங்கள்.